தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு சுத்தியல்: பழைய ரேஞ்சர்கள், கூப்பு, காடு

புளியமரத்தடி:
வீட்டைக் காலி செய்யும்போது பரண் மேல் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு காக்கி அரைக்கால் சட்டை, பூச்சி அரித்த கம்பளி, கொயினா மாத்திரை வைத்திருந்தது என்று அம்மா சொல்லும் ஒரு காலித் தகர டப்பா, அப்புறம் ஒரு சுத்தியல். ஆணி அடிக்கிற சுத்தியல் இல்லை. முழ நீளக் காம்பு, தலை மட்டுமே ஒன்றரைக் கிலோ இருக்கும். ஒரு பக்கம் கோடரி மாதிரி கூர், மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஏதோ எழுத்து, துருவில் சரியாகப் படிக்க முடியவில்லை, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியும் இருக்கிறது. தாத்தா ஆனைமலைப் பக்கம் ஃபாரஸ்ட் ரேஞ்சர், இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். இது என்ன சாமான், யாருக்காவது தெரியுமா?

பழைய சரகம்:
தம்பி, அது மரத்துக்கு முத்திரை குத்தும் சுத்தியல். நாங்கள் ஹாமர் என்றே சொல்வோம். நான் 1979ல் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் முதலில் கொடுத்ததே அதுதான். வெட்ட வேண்டிய மரத்தில் நெஞ்சு உயரத்தில் கொடுவாளால் பட்டையைச் செதுக்கி, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்ததும் அங்கே ஒரு குத்து. அப்புறம் மண்ணை ஒட்டி, வேர் கிளம்பும் இடத்தில் இன்னொரு செதுக்கு, இன்னொரு குத்து. இந்த இரண்டாவது குத்துதான் முக்கியம். மேல்மரம் கூப்பை (மரம் வெட்ட ஒதுக்கிய காட்டுப் பகுதி) விட்டு வண்டியேறிப் போய்விடும், அடிக்கட்டை எங்கேயும் போகாது. ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்க வருகிற அதிகாரி குனிந்து அடிக்கட்டையைத்தான் பார்ப்பார். அதில் முத்திரை இல்லையென்றால் கார்டுக்கு, அதாவது வனக்காவலருக்கு, தூக்கம் போச்சு.

எழுத்து திரும்பியிருப்பது மரத்தில் நேராக விழுவதற்கு. துருவைச் சுரண்டாதீர்கள், எழுத்து போய்விடும். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, துடைத்து, சப்பாத்தி மாவில் அழுத்திப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் இடிக்கிறது. மாறுதலில் போகிற ரேஞ்சர் சார்ஜ் கொடுக்கும்போது பட்டியலில் தலைப்பில் நிற்பது ஹாமர். அது தொலைந்தால் பெரிய விவகாரம், யார் கையிலோ கிடைத்தால் எந்தத் திருட்டு மரமும் சர்க்கார் மரம் ஆகிவிடுமே. அது எப்படி உங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தது?

சும்மா ஒரு ஆள்:
தாத்தா வசமாக மாட்டினார். புளியமரத்தடி, பெட்டியில் இன்னொரு முறை நன்றாகத் தேடுங்கள், அடியில் யானை எதுவும் இருக்கப் போகிறது.

புளியமரத்தடி:
யானை இல்லை, அந்துருண்டை இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டேன். ஊறுகிற வரைக்கும் யாராவது சொல்லுங்களேன், இந்த ரேஞ்சர் வேலையே எப்போது, எதற்காக ஆரம்பித்தது? காட்டைக் காப்பாற்றத்தானே?

கல்வெட்டுப் பூனை:
காட்டைக் காப்பாற்ற இல்லை, மரத்தைக் காப்பாற்ற. இரண்டும் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், மலபார்த் தேக்கு வேகமாகக் குறைகிறது, அதனால் 1806ல் வாட்சன் என்கிற கேப்டனை மலபாருக்குக் காட்டுப் பாதுகாவலராகப் போட்டார்கள். நம் பக்கத்தின் முதல் கன்சர்வேட்டர் ஒரு போலீஸ்காரர் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் துறையின் சுபாவத்தில் பாதி அதிலேயே விளங்கிவிடும். அவர் தேக்கை எல்லாம் கம்பெனிக்கே என்று வளைத்துப் போட, மர வியாபாரிகளும் காட்டுக்குச் சொந்தக்காரர்களும் கூச்சல் போட, சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1823ல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். அதன் பிறகு இருபது வருஷம் கேள்வி முறை இல்லாமல் வெட்டு.

1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நடப் பார்த்தார். காட்டில் தானாக விழுந்து முளைக்கிற தேக்கு, மனிதன் விதைத்தால் முளைக்க மாட்டேன் என்றது. கொட்டை அவ்வளவு கெட்டி. முதல் முயற்சிகள் எல்லாம் வீண். பொறுமையாக நின்று அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர் சாத்து மேனோன் என்கிற நம்மூர் அதிகாரி. தோட்டத்துக்குப் பெயர் மட்டும் கனோலி பிளாட். மேனோனின் சமாதி நிலம்பூரிலேயே இருக்கிறது. போகிறவர்கள் பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அப்புறம்தான் ரயில். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் வண்டி ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். சென்னை மாகாணத்தில் மட்டும் ஸ்லீப்பருக்காக வருஷத்துக்கு 35,000 மரங்கள் விழுந்தன. அதே 1856ல்தான் சென்னையில் வனத்துறை, தலைவர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், தொழில் வைத்தியம். காடு போனால் மழையும் ஊற்றும் போகும், பஞ்சம் வரும் என்று அப்போது எச்சரித்தவர்களில் நிறையப் பேர் வைத்தியர்கள். பம்பாயில் 1847ல் கன்சர்வேட்டரான கிப்சனும் வைத்தியர்தான். ஆக ஒரு கையில் ஸ்லீப்பர் கணக்கு, மறு கையில் மழைக் கவலை. எந்தக் கை ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையடிவாரம்:
பூனையார் சொன்னதில் விடுபட்டது ஒன்று இருக்கிறது, எங்கள் ஆட்கள். நான் மலையடிவாரத்து ஊர்க்காரன். எங்கள் பாட்டி சாகும் வரை 'கார்டு வர்றான்' என்று சொல்லித்தான் அழுகிற பிள்ளையை அடக்குவாள். பூச்சாண்டி எல்லாம் எங்கள் ஊரில் செல்லாது. அவள் சொல்வது இது: ஊருக்கு மேலே கல்லைக் குவித்து வைத்துவிட்டுப் போனார்கள். நேற்றுவரை ஆடு மேய்ந்த இடம், சுள்ளி பொறுக்கின இடம், தழை ஒடித்து வயலில் மிதித்த இடம், கல் வந்த மறுநாள் ரிசர்வ், அதாவது சர்க்கார் காடு. கல்லைத் தாண்டிய ஆடு கொண்டித்தொழுவுக்குப் போகும், காசு கட்டித்தான் மீட்க வேண்டும். கட்டக் காசில்லாமல் ஒரு கிடாயை அங்கேயே விட்டுவிட்டு வந்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், கிடாயின் கொம்பு எப்படி வளைந்திருக்கும் என்பது வரைக்கும். இதைத்தான் பாதுகாப்பின் தொடக்கம் என்று பாடப் புத்தகத்தில் போடுகிறார்கள்.

கல்வெட்டுப் பூனை:
நியாயம். இதில் வேடிக்கை என்னவென்றால் இதைச் சென்னை சர்க்காரே ஒரு காலத்தில் சொன்னது. 1864ல் இந்தியா முழுமைக்கும் வனத்துறை வந்து, டீட்ரிச் பிராண்டிஸ் என்கிற ஜெர்மன்காரர் தலைவரானார். 1865ல் ஒரு சட்டம், அது போதவில்லை என்று 1878ல் கடுமையாக இன்னொன்று. சென்னை ரெவின்யூ போர்டு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே கிடையாது, அதில் ஜனங்களுக்குப் பாத்தியதை இருக்கிறது, சர்க்கார் சொத்து என்று எப்படி ஒரேயடியாகச் சொல்வது என்று வாதாடினார்கள். கடைசியில் பிராண்டிஸே இங்கு வந்து உட்கார்ந்து, 1882ல் சென்னை வனச் சட்டம் தனியாக வந்தது. அதன்படி நான்காம் பிரிவில் அறிவிப்பு, பாத்தியதை உள்ளவர்கள் வந்து சொல்ல அவகாசம், விசாரணை, அப்புறம் பதினாறாம் பிரிவில் ரிசர்வ் என்று முடிவு. காகிதத்தில் ஒழுங்கு. எழுதப் படிக்கத் தெரியாத உங்கள் பாட்டியின் பாட்டி எந்த அதிகாரி முன்னால் போய் என்ன சொல்லியிருப்பார்?

அதன் கணக்கு பிறகு தீர்ந்தது. 1921, 22ல் குண்டூர்ப் பக்கம் பல்நாட்டில் காட்டு வரியையும் மேய்ச்சல் தடையையும் எதிர்த்து சத்தியாகிரகம், 1922ல் ராம்பா மலையில் அல்லூரி சீதாராம ராஜுவின் கிளர்ச்சி. இரண்டுமே நம் மாகாணத்தில், இதே சட்டத்தின் கீழ்.

பழைய சரகம்:
எல்லோரும் கார்டைத் திட்டியாகிவிட்டதா? நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

சட்டம் போட்டவர் உதகையில் இருந்தார். கல்லைக் குவித்தவன் (நாங்கள் அதைக் கேர்ன் என்போம்) காட்டில் இருந்தான். என்னுடைய முதல் ரேஞ்சர் அவருடைய முதல் ரேஞ்சரிடம் கேட்டதைச் சொல்வார், அது 1920கள் இருக்கும். எல்லையை நடந்தே பார்க்க வேண்டும், ஒவ்வொரு கேர்னும் இடத்தில் இருக்கிறதா என்று. யானை உதைத்துக் கலைத்திருக்கும், இல்லை மலையடிவாரம் சாருடைய ஊர்க்காரர்கள் கலைத்திருப்பார்கள். திரும்ப அடுக்க வேண்டும். பீட் (ஒரு கார்டின் காவல் பகுதி) என்றால் பேருக்குத்தான் கோடு, உள்ளே ஏற்ற இறக்கத்தோடு நடந்தால் மூன்று நாள். அரிசி, உப்பு, மிளகாய், ஒரு கம்பளி. துப்பாக்கி எல்லாம் கிடையாது. கையில் கொடுவாள்.

அப்புறம் மலைக்காய்ச்சல். காய்ச்சல் மாதங்களில் துரை கீழே இறங்கிவிடுவார், வாட்சர் எங்கே இறங்குவான்? கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் கண்டுபிடித்தார். அதற்குச் சில மாதம் முன்பு அவரே உதகையிலிருந்து சீகூர்ச் சரிவில் இறங்கிப் போய்க் காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்தவர். அதுவரைக்கும் கெட்ட காற்று என்றுதான் நினைத்தார்கள். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே புகை போட்டுக்கொள்வது வழக்கம், தற்செயலாக அதுவும் கொஞ்சம் உதவியிருக்கும். காய்ச்சலுக்கான கொயினா மருந்தைத் தருகிற சிங்கோனா மரம் 1860லேயே நீலகிரிக்கு வந்துவிட்டது. நடுவட்டத்தில் அந்தத் தோட்டம் போடச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். தம்பி, உங்கள் கொயினா டப்பாவுக்குப் பின்னால் அவ்வளவு கதை இருக்கிறது.

இன்னொன்று. ரேஞ்சருக்கு டேராடூனில் 1878ல் பள்ளிக்கூடம் வந்தது, நமக்குக் கோயம்புத்தூரில் 1912ல். மேல் பதவிக்கு ஆட்கள் ஐரோப்பாவில் படித்து வருவார்கள். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு ரேஞ்சர்தான் உச்சி. மேலே துரையின் ஆங்கிலம், கீழே காடர், மலசர் என்கிற மலைப் பழங்குடிகளின் பேச்சு, நடுவில் இவர் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு. வழி சொன்னதும், தண்ணீர் இருக்கும் இடம் சொன்னதும், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாசனையில் சொன்னதும் காடர்கள். ரிக்கார்டில் அவர்கள் 'கூலி நான்கு பேர்'.

தூரதேசி:
இங்கே நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் இருப்பது அமெரிக்காவில், வார இறுதிகளில் மலையேறப் போகிறவன். இங்கே ரேஞ்சர் என்றால் பெரிய வீர வழிபாடு. 1905ல் இவர்களுடைய வனத்துறை ஆரம்பித்தபோது தலைவர் கிஃபர்ட் பின்ஷோ. அவர் இளைஞராக ஐரோப்பாவுக்குக் காட்டு வித்தை படிக்கப் போனபோது வழிகாட்டியவர் யார் தெரியுமா? இதே பிராண்டிஸ், ஓய்வு பெற்று ஜெர்மனியில் இருந்தவர். பர்மாவிலும் நம் ஊரிலும் கற்ற பாடம் சுற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறது. இங்கே ஆரம்ப கால ரேஞ்சர் தேர்வில் குதிரைக்குச் சேணம் கட்டி மூட்டை ஏற்றிக் காட்ட வேண்டும், குதிரையும் அவனுடைய சொந்தக் குதிரையாக இருக்க வேண்டும்.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பக்கம் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எட் புலாஸ்கி என்கிற ரேஞ்சர் தன்னோடு இருந்த நாற்பத்துச் சொச்சம் பேரை ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்தினார். ஐந்து பேர் உள்ளேயே செத்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொட்டு என்று தீயணைப்பவர்கள் இன்றும் பிடிக்கிற கருவிக்கு அவர் பெயர்தான். தாத்தாவின் சுத்தியலைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தீயில் பயந்துபோய், 1935ல் எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று விதி போட்டார்கள். பல பத்தாண்டு அணைத்து அணைத்து, சருகும் சுள்ளியும் சேர்ந்து, இப்போது தீப்பிடித்தால் அணைக்கவே முடிவதில்லை.

மலையடிவாரம்:
இதை எங்கள் பக்கத்து மலசர் பெரியவர் ஒரு டீ விலைக்குச் சொல்லியிருப்பார். தை மாசியில், பனி ஈரம் இருக்கும்போதே, தரையோடு தரையாக ஒரு சின்னத் தீ. புல் துளிர்க்கும், தேன் எடுக்கப் போகும் வழி தெரியும், பாம்பு தெரியும். அதைத்தான் குற்றம் என்றார்கள். அது நின்றது, உண்ணிச்செடி வந்து அடைத்தது, இன்று பங்குனியில் யாரோ போடுகிற பீடித் துண்டுக்கு மலையே எரிகிறது.

பழைய சரகம்:
பாதி சரி. உண்ணிச்செடி வந்ததற்குத் தீ மட்டும் காரணம் இல்லை. ஆனால் பர்மாவிலேயே 1890களில் ஃபாரஸ்ட்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், தீயை அடியோடு நிறுத்தினால் தேக்கு முளைக்கவே காணோமே, மூங்கில்தான் ஏறுகிறதே என்று. மேலே போய்ச் சேர நாளாயிற்று. நாங்களும் தை மாதமே, பெரிய தீ தாண்டாதபடி ஒரு பட்டையாகப் புல்லை எரித்துவிடுவோம், பெயர்தான் ஃபயர் லைன். எரிக்கிற ஆள் யார்? அதே மலசர். தீ எந்த நேரத்தில் படுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். நான் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். இதை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை, எழுதுகிற இடமும் அதில் இல்லை.

சும்மா ஒரு ஆள்:
சார், சீரியசாகவே கேட்கிறேன். அந்தத் துரைகளில் காட்டுக்காகவே காட்டை நேசித்தவர் ஒருவர் கூடவா இல்லை?

கல்வெட்டுப் பூனை:
இருந்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். பெடோம் என்பவர் 1860லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் சென்னையின் கன்சர்வேட்டர், மரம் எண்ண அனுப்பினால் பெரணி, தவளை, மண்ணுக்குள் இருக்கும் பாம்பு என்று குனிந்தபடியே திரிந்தவர். மேற்குத்தொடர்ச்சி மலை உயிரினங்களின் பெயர்ப் பட்டியலை எடுத்தால் அவர் பெயர் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிராண்டிஸ் பர்மாவில் யானை மேல் உட்கார்ந்தபடியே தேக்கை எண்ணியவர். மழையில் காகிதம் நனைந்து மை கரைந்துவிடும் என்று கையில் மூங்கில் துண்டுகள், மரத்தின் பருமனுக்கு ஒரு துண்டு, மரத்துக்கு ஒரு வெட்டு. சாயங்காலம் கூடாரத்தில் வெட்டுகளை எண்ணுவது. எனக்கு அந்த மனுஷனுடைய சட்டத்தைவிட அந்த மூங்கிலைப் பிடிக்கும்.

ஆனைமலையில், டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்கிற வன அதிகாரி. மரத்தைச் சரிவில் வழுக்கி விட்ட இடம், அதனால்தான் அந்தப் பெயர். வெட்டி மொட்டையடித்த மலையில் 1915 வாக்கில் வந்து, பழைய அடிக்கட்டையைத் துளிர்க்க விட்டு, புதிதாக நட்டு, தேக்கைத் திரும்ப உண்டாக்கினார். கைத்தடியால் குழி போட்டுக்கொண்டே நடப்பார், பையிலிருந்து ஒரு விதை போடுவார் என்று சொல்வார்கள். 1933ல் இறந்தார், கேட்டுக்கொண்டபடி தேக்குக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லில் லத்தீனில் எழுதியிருக்கிறது: நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார். சுற்றிலும் பார்த்தால் தேக்கு, தேக்கு, தேக்கு. முன்பு அங்கே என்னென்ன இருந்தது என்று கேட்க மனசு வராது, ஆனால் கேட்க வேண்டும்.

மலையடிவாரம்:
வேடந்தாங்கலை மறந்துவிட்டீர்கள். ரேஞ்சரும் கிடையாது கார்டும் கிடையாது. பறவையைச் சுடாதே என்று ஊர்க்காரர்களே போய்க் கலெக்டர் பிளேசிடம் 1798ல் எழுதி வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாதுகாப்பின் தொடக்கம் எது என்று கேட்டால் நான் அங்கிருந்துதான் எண்ணுவேன், மலபார்க் கேப்டனுக்கு எட்டு வருஷம் முன்னால்.

பழைய சரகம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுதிக் கொடுத்தார் பாருங்கள் அந்தக் கலெக்டர், அந்த மாதிரி ஒரு காகிதம் உங்கள் ஊருக்கும் கிடைத்திருந்தால் நான் உங்கள் பாட்டிக்குப் பூச்சாண்டி ஆகியிருக்க மாட்டேன்.

புளியமரத்தடி:
இழை எங்கேயோ போய்விட்டது, நான் சுத்தியலோடு திரும்பி வந்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் இரண்டு ராத்திரி. சப்பாத்தி மாவில் அழுத்தினேன். தெளிவாக விழுந்தது: இரண்டு ஆங்கில எழுத்து, மேலே ஒரு நட்சத்திரம், கீழே 7 என்று ஒரு எண். தாத்தாவின் பெயர் எழுத்தும் இல்லை.

பழைய சரகம்:
நட்சத்திரமா? தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். நான் கையாண்ட எந்த டிபார்ட்மெண்ட் ஹாமரிலும் நட்சத்திரம் கிடையாது. கூப்பு ஏலம் எடுக்கும் கான்ட்ராக்டர்களும் தங்கள் மரத்துக்குத் தனி முத்திரை வைத்துக்கொள்வார்கள், அதை ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். சர்க்கார் முத்திரை ஒன்று, பக்கத்தில் கான்ட்ராக்டர் முத்திரை ஒன்று, இரண்டும் இருந்தால்தான் செக்போஸ்ட்டில் மரம் நகரும். உங்கள் கையில் இருப்பது இரண்டாவது ரகம் என்று தோன்றுகிறது. வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள்.

புளியமரத்தடி:
அத்தைக்கு 88 வயது. நேற்று போய்ச் சுத்தியலைக் கையில் கொடுத்தேன். கனம் தாங்காமல் மடியில் வைத்துக்கொண்டார். தாத்தா ரேஞ்சர் இல்லையாம். கூப்பில் ஒரு கான்ட்ராக்டரிடம் கணக்குப்பிள்ளை. காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருவாராம், ஊரில் பிள்ளைகள் ரேஞ்சர் ரேஞ்சர் என்று பின்னாலேயே ஓடுமாம், இவரும் மறுக்கவில்லையாம். கல்யாணப் பத்திரிகையில் கூட யாரோ அப்படியே போட்டுவிட்டார்களாம். அப்படியானால் நிஜ ரேஞ்சர் யார் என்று கேட்டேன். "அவரு வந்தா உங்க தாத்தா எந்திரிச்சு நிப்பாரு, அவ்வளவுதான் தெரியும்" என்றார். கொயினா டப்பா மட்டும் நிஜமாம். மாதத்தில் பத்து நாள் நடுங்கிக்கொண்டு படுத்திருப்பாராம்.

சும்மா ஒரு ஆள்:
அப்போ சார்ஜ் லிஸ்ட் கேஸ் தள்ளுபடி. சுத்தியலை என்ன செய்யப் போகிறீர்கள்?

புளியமரத்தடி:
அத்தை திருப்பித் தரவில்லை. கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதாம், முட்டுக் கொடுக்க ஆகும் என்று வாசலில் வைத்துக்கொண்டார்.